மண் சரிவும் மனச் சரிவும்

(தாப்பா வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், வீடு, வேலை நாள், ஆஸ்பத்திரிச் செலவு, இவற்றைப் பற்றித்தான் இம்மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு மனத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையில் இரண்டொருவர் சிரித்துக்கொண்டதைக் கவனித்தோம். அதில் வியப்பில்லை. பேராக்கில் வளர்ந்தவனிடம் மனம், மனநோய் என்று பேச்செடுத்தால் உடனே அவன் நினைவுக்கு வருவது தஞ்சோங் ரம்புத்தான். 1911-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு இன்று பஹாகியா ஆஸ்பத்திரி என்று பெயர். பஹாகியா என்ற மலாய்ச் சொல்லுக்கு இன்பம் என்று பொருள். ஆனால் நாமோ ஓர் ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கிவிட்டோம். "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று லயத்து வாசலில் கேலி பேசிப் பேசியே, ராத்திரியில் தூக்கம் வராதவன் அதை வெளியே சொல்ல வெட்கப்படும்படி செய்துவிட்டோம். கால் ஒடிந்தவன் கட்டுப் போட்டுக்கொண்டு பெருமையாக நடக்கிறான். மனம் ஒடிந்தவன் மட்டும் மறைத்துக்கொண்டு திரிய வேண்டுமா?

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் நாம். பிற்பகலில் வானம் இருண்டால் பத்தாங் பாடாங் ஆற்றங்கரையில் குடியிருப்பவர் முகத்தில் என்ன தோன்றுகிறது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் என்ற இடத்தில் மலையிலிருந்து மரமும் மண்ணும் நீரும் சேர்ந்து இறங்கி, பூர்வகுடி மக்களில் 44 பேரைக் கொண்டுபோயிற்று. இங்கிருந்து மலையேறும் சாலையில் போனால் ரிங்லெட். அதை அடுத்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் 2013 அக்டோபர் 23-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் ஆற்றோரக் குடிசைகளை அடித்துக்கொண்டு போயிற்று. மறு ஆண்டு நவம்பரில் அதே பகுதியில் மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் உயிர்ச்சேதம். பத்திரிகைகள் எத்தனை வீடு, எத்தனை பாலம், எத்தனை வெள்ளி நஷ்டம் என்று எழுதின. எத்தனை பேர் அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தவர் யார்?

அந்த ஆற்றோரத்தில் குடியிருந்தவர்களில் பலர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். காய்கறித் தோட்டங்களில் வேலை செய்ய வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தகரத்தாலும் பலகையாலும் அடித்த கொட்டகையில் படுத்தவர்கள். இன்று நமது தோட்டங்களிலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும், பாதி லயத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம். அந்நியத் தொழிலாளர் என்று நாம் அவர்களைச் சொல்கிறோம். நமது பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கங்காணி கைகாட்டிய லயத்தில் பாய் விரித்தபோது அவர்களுக்கும் இதே பெயர்தான். அதனால்தான் இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அனுபவ ஞானம் இருக்க வேண்டும் என்கிறோம்.

தோழர்களே! நம்மைப் போன்ற தோட்ட மக்களுக்கே நேர்ந்த ஒரு பெரும் துன்பத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அதில் நாம் கற்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கேரள ராஜ்யத்தில் மூணாறு என்று ஒரு மலைநாடு. தேயிலைத் தோட்டங்கள். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக மலையேறியவர்கள். அங்கும் கங்காணி, அங்கும் லயம். லயம் என்ற சொல்லே நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். அந்த மலையில் ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்று ஒரு தோட்டப் பிரிவு. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பின், மலை பிளந்து இறங்கிற்று. நான்கு லயங்கள் மண்ணோடு மண்ணாயின. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த மக்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ஒரே ஊர், ஒரே உறவு. ஆகவே மாண்டவர்கள் பலர் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி, மாமன் மச்சான்.

மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. நடந்த கொடுமை மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. வழியில் பெரியவரைப் பாலம் சேதப்பட்டிருந்ததால் உதவி வருவதும் தாமதமாயிற்று. அதுவோ கொரோனாக் காலம். மாநில எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். கயத்தாற்றில் இருந்த தாய் தந்தையர் மலைக்கு வந்து தங்கள் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதற்கு எவ்வளவு அல்லல்பட்டிருப்பார்கள்! கிடைத்த உடல்களை ராஜமலையிலேயே வரிசையாகக் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். தோண்டியவர்களில் உறவினரும் உண்டு. நாள் கணக்கில் சேற்றில் நின்று, ஒவ்வொரு கூடை மண்ணுக்கும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

அங்கே ஒரு நாய் இருந்தது. தன்னோடு விளையாடும் இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஆற்றோரத்திலேயே சுற்றித் திரிந்து, கடைசியில் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை அதுவே காட்டிக்கொடுத்தது. போலீஸ் இலாகாவைச் சேர்ந்த ஒருவர் அந்த நாயை எடுத்து வளர்த்தார். பிறகு அக்குடும்பத்தில் எஞ்சியிருந்த பாட்டியிடமே அது திரும்பச் சேர்க்கப்பட்டது. நாய்க் கதையை எதற்குச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த ஒரு கிழவிக்கு, போன பேத்தியை அறிந்த இன்னோர் உயிர் பக்கத்தில் படுத்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த நாயைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். எந்த டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்கும் அது குறைந்ததல்ல.

ஆனால் அதே பெட்டிமுடியில் புண்ணைக் கிளறிய காரியமும் நடந்தது. மறுநாள் ஆகஸ்டு 7-ஆம் நாள் கோழிக்கோட்டில் ஒரு விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றும், பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்றும் மாநில அரசாங்கம் அறிவித்தது. பணத்தின் அளவைப் பற்றி நாம் இங்கே வழக்காட வரவில்லை. தன் பிள்ளையின் உயிருக்கு இன்னொருவர் உயிரின் பாதி விலை என்று கேட்ட தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? மண் விழுந்த காயம் ஒன்று. "நீ குறைந்தவன்" என்று சொல்லாமல் சொன்ன காயம் இன்னொன்று. வந்தேறிய மக்களுக்கு இரண்டாவது காயம் புதிதல்ல. ஆகையால்தான் அது ஆழமாகப் போகிறது. தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குப் பிறகு குட்டியாறு என்ற இடத்தில் அரசாங்க நிலத்தில் தோட்டக் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஒரே மழை, ஒரே மண். ஊர்க்காரன் மனத்தில் விழுவதற்கும் வந்து குடியேறிய தொழிலாளி மனத்தில் விழுவதற்கும் என்ன வேற்றுமை? ஊர்க்காரனுக்கு வீடு போனால் அண்ணன் வீடு இருக்கிறது, அத்தை வீடு இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு வீடும் வேலையும் ஒரே முடிச்சு. லயம் போனால் வேலை போகும், வேலை போனால் லயம் போகும். கடல் கடந்து வந்தவனுக்கு இதற்கு மேல் பெர்மிட்டும் அதே முடிச்சில் இருக்கிறது. ஊரில் தாய் வாங்கிய கடன் இருக்கிறது. சேற்றில் பாஸ்போர்ட் போய்விட்டால் நிவாரண நிலையத்துக்குப் போகலாமா, அங்கே பிடித்துக்கொள்வார்களா என்ற அச்சம் வேறு. 2014 வெள்ளத்துக்குப் பின் கேமரன் மலையில் ஆவணமில்லாத தொழிலாளரைப் பிடிக்கும் சோதனைகள் நடந்தன. சட்டம் தன் வேலையைச் செய்கிறது என்பார்கள். வெள்ளத்தில் தப்பியவன் அடுத்த மாதம் காட்டுக்குள் ஓடி ஒளிகிறான் என்றால், அவன் மனத்தில் வெள்ளம் எப்போது வடியும்? ஆவணமில்லாத நோயாளி வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார இலாகா 2001-இல் விடுத்த சுற்றறிக்கையும் உண்டு. உடம்புக் காயத்துக்கே ஆஸ்பத்திரிக்குப் போக நடுங்குகிறவன் மனக் காயத்துக்கா போவான்?

அடுத்து இலங்கையைப் பாருங்கள். இங்கே கிராணிமார் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கென்றே இதைச் சொல்கிறோம்.

பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை என்ற தேயிலைத் தோட்டம். அங்கும் மலையகத் தமிழர். 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலை ஏழரை மணி அளவில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போக வேறு இடம் யார் கொடுத்தார்கள்? அது தனிப் பேச்சு. நாம் சொல்ல வந்தது வேறு. எத்தனை பேர் புதையுண்டார்கள் என்று முதல் நாள்களில் எவருக்கும் தெரியவில்லை. நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள். பிறகு நாற்பதுக்குக் குறைவு என்று வந்தது. யார் எந்த வீட்டில் இருந்தார்கள், அன்று யார் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தார்கள் என்று சொல்லச் சரியான கணக்குக் கையில் இல்லை. காணாமற்போனவனைப் பற்றி "இருக்கிறானா, இல்லையா" என்று தெரியாமல் கிடப்பதைவிடக் கொடிய நிலை இல்லை. இறந்தான் என்று தெரிந்தால் அழலாம், பதினாறாம் நாள் காரியம் செய்யலாம். தெரியாதவள் தாலியைக் கழற்றவும் முடியாமல், கட்டியிருக்கவும் முடியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கிராணி ஐயாமார்களே! செக்ரோலில் பெயரும் நாளும் ராத்தலும் எழுதுகிறீர்கள். அதோடு ஒரு தாள் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த லயம், எந்த வீட்டு எண், எத்தனை பேர், பிள்ளைகள் எந்தப் பள்ளி, சொந்த ஊரில் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும், அவருடைய தொலைபேசி எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முக்கியமாக வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் இந்தோனேசியத் தொழிலாளிக்கும் இது வேண்டும். ஆபீசில் ஒரு பிரதி, ஆபீசுக்கு வெளியே மேட்டுப்பாங்கான இடத்தில் ஒரு பிரதி. ஆபீசும் சேற்றில் போகக்கூடியதுதானே. தொழிலாளி பாஸ்போர்ட்டின் நகலை அவனே ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அசல் பாஸ்போர்ட்டும் அவனிடம்தான் இருக்க வேண்டும். பிறருடையதைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பது எல்லாக் கிராணிமாருக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பவர்களும் உண்டு. மனநலம் பற்றிய பேச்சில் பதிவேடு எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். மண் சரிந்த மறுநாள் காலை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "உன் தம்பி தாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறான்" என்று ஒருவனுக்குச் சொல்ல முடிந்தால், அதுவே முதல் வைத்தியம்.

மீரியபெத்தையில் தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பிறகு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் துணியும் தட்டியும் கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். 2016 அக்டோபரில்தான் 75 புது வீடுகள் கைக்கு வந்தன. இரண்டு ஆண்டுகள்! ஒரு துன்பம் ஒரு நாளில் நடக்கிறது. காத்திருத்தல் எழுநூறு நாள். குமரிப் பெண்ணுக்குத் துணி மாற்ற மறைவில்லை. கணவன் மனைவி பேசிக்கொள்ள இடமில்லை. ஆண்கள் குடிக்கப் போகிறார்கள். மண் செய்த கேட்டைவிடத் தாமதம் செய்த கேடு பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டபோது, மலையகத் தோட்டங்கள் மறுபடியும் மண்ணுக்கடியில் போயின. 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை என்ற இடங்கள் புதைந்தபோதும் அங்கே தேயிலைத் தோட்ட லயங்கள் இருந்தன. மலை எங்கெல்லாம் சரிகிறதோ அங்கெல்லாம் சரிவின் அடியில் ஏன் லயம் இருக்கிறது என்ற கேள்வியை நமது சங்கம் வீட்டு வசதிப் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்திருக்கிறது. அந்தத் தரத்தில் கூரையும் கக்கூசும் மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் இருக்கும் மேட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனி, நாம் என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். நாம் டாக்டர்கள் அல்லர். ஆனால் டாக்டர் இல்லாமலே ஆகக்கூடிய காரியம் பெரும்பகுதி என்பதை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த சுனாமிக்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்டது. நமது நாட்டிலும் பினாங்கு, கெடா முதலிய கரைகளில் 68 பேர் அன்று மாண்டார்கள். நாகப்பட்டினம் ஒரு மாவட்டத்திலேயே ஏறத்தாழ 6,000 பேர். அவ்வளவு பேருக்கு மனநல டாக்டர்கள் எங்கே கிடைப்பார்கள்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் உள்ளூர் உபாத்தியாயர்களையும் அங்கன்வாடிப் பெண்களையும் தொண்டர்களையும் பழக்கிவிட்டார்கள். மீனவர் பேச்சு மீனவருக்குத் தெரியும் அல்லவா?

ஒரு பக்கம் இப்படி நல்ல காரியம் நடக்க, இன்னொரு பக்கம் வேடிக்கையும் நடந்தது. இலங்கைக் கரையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் வெளியூர்க் கூட்டங்கள் வந்து இறங்கின. ஒரே பிள்ளையிடம் காலையில் ஒரு கூட்டம் "அலையை வரைந்து காட்டு" என்று கேட்கும். மாலையில் இன்னொன்று அதையே கேட்கும். அழுத தாயை மீண்டும் மீண்டும் கதை சொல்ல வைத்தார்கள். நடந்ததை வலிந்து சொல்ல வைப்பதால் நன்மை இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமே பிறகு சொல்லிவிட்டது. 2007-இல் பல சர்வதேச ஸ்தாபனங்கள் கூடி இதற்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டன. 2011-இல் மனத்துக்கான முதலுதவி என்ற கையேடும் வந்தது. அதன் சாரத்தை மூன்று சொல்லில் சொல்லலாம்: பார், கேள், சேர்த்துவை. யாருக்கு அவசரத் தேவை என்று பார்ப்பது, சொல்ல விரும்பியதைக் குறுக்கிடாமல் கேட்பது, சோறு, உறவு, டாக்டர், ஆபீஸ் இவற்றோடு ஆளைச் சேர்த்து வைப்பது.

இதைத் தோட்டத்துப் பாஷையில் சொல்வோம். "சாப்பிட்டீங்களா அண்ணே? இன்னைக்கு எங்கே படுக்கை? ஊருக்குப் போன் போட்டாச்சா?" இந்த மூன்று கேள்வி போதும். வங்காளதேசத்துக்காரனிடம் "சூடா மாக்கான், பாங்?" என்று கேளுங்கள். அந்த அரைகுறை மலாய் அவனுக்கும் புரியும், உங்களுக்கும் புரியும். சொல்லக் கூடாதவையும் சில உண்டு. "ஆம்பிளை அழலாமா?" என்னாதீர்கள். "எல்லாம் தலையெழுத்து" என்னாதீர்கள். "உனக்காவது ஒரு பிள்ளை மிச்சம் இருக்கிறதே" என்பது ஆறுதலல்ல, அடி. பேச விரும்பாதவன் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். துக்க வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று நமது கிழவிகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் படித்தவர்கள்தாம் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

நம்மவர்களுக்கு மனத் துயரம் உடம்பில் பேசும். "நெஞ்சை அடைக்குது", "கை கால் எரியுது", "தலை பாரமா இருக்குது" என்பார்கள். பிள்ளைகள் பாயை நனைக்கும், தாய் முந்தானையை விடாது. மழை இடித்தால் பெரியவர்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காருவார்கள். முதல் சில வாரங்களுக்கு இதெல்லாம் நோயல்ல. மிகப் பலருக்குத் தானாகவே குறையும். உற்றார் பக்கத்தில் இருந்தால், வேலையும் சமையலும் பள்ளிக்கூடமும் பழையபடி நடக்கத் தொடங்கினால், இன்னும் விரைவில் குறையும். ஆகவே நிவாரண நிலையத்தில் ஒரே லயத்துக் குடும்பங்களைப் பிரிக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும். பெண்கள் தாங்களே சமைக்க ஓர் அடுப்புக் கேட்டு வாங்க வேண்டும். சும்மா உட்கார வைத்துப் பொட்டலம் கொடுப்பது கருணையாகத் தோன்றும், ஆனால் மூன்றாம் நாள் அந்தப் பெண்கள் சுவரைப் பார்த்து அழத் தொடங்குவார்கள். பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகை ஆயாவே பெரிய டாக்டர்.

இரண்டு பொருள்களைப் பற்றி எச்சரிக்கை செய்கிறோம். ஒன்று சம்சு. துக்கத்தை மறக்க என்று தொடங்கும் குடி, துக்கம் தீர்ந்த பிறகும் நிற்காது. தோட்டம் துண்டாடப்பட்டுச் சனங்கள் சிதறிய காலத்தில் எத்தனை நல்ல மனிதர்கள் இப்படிப் போனார்கள் என்பதை முதியவர்கள் அறிவார்கள். மற்றொன்று தூக்க மாத்திரை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். இழவுத் துயரத்துக்குத் தூக்க மருந்து கொடுப்பது முறையல்ல என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவும்.

அந்நியத் தொழிலாளி இறந்தால் அவனுடைய மார்க்கப்படி அடக்கம் நடக்க வேண்டும். வங்காளதேசத்துத் தொழிலாளிக்கு ஜனாஸா தொழுகை நடத்த மஸ்ஜிதிலிருந்து ஆள் அழைத்து வர நாமே போகலாம். நேப்பாளி இந்துக்கள் பதின்மூன்று நாள் துக்கம் காப்பார்கள். கூட இருந்தவன் அந்நாள்களில் உப்பில்லாமல் சாப்பிட்டால் கேலி செய்ய வேண்டாம். அவன் தம்பிக்கு அவன் இங்கே செய்யக்கூடியது அவ்வளவுதான். உடலை ஊருக்கு அனுப்பத் தூதரகக் காகிதம் வேண்டும். அதை எழுதிக் கொடுக்கக் கிராணியின் பேனா வேண்டும். வேலையில் நேரும் விபத்துக்கு அந்நியத் தொழிலாளருக்கும் 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு என்பதை அவர்களில் பலர் அறியார்கள். சங்கத்தில் அங்கத்தினராகவும் அவர்கள் சேரலாம். இதைச் சொன்னால் "நம் பங்கைக் குறைத்துவிடுவார்கள்" என்று முணுமுணுப்பவர் உண்டு. பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவன் இரவெல்லாம் அலறிக்கொண்டிருந்தால் நமக்கு மட்டும் தூக்கம் வந்துவிடுமா?

ஒரு மாதம் கழிந்தும் ஒருவர் சாப்பிடாமல், வேலைக்கு வராமல், தனியே குடித்துக்கொண்டு, அல்லது "நானும் போயிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு இருந்தால், அப்போது தாமதிக்கக் கூடாது. தாப்பா ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்கோ கூட்டிப் போங்கள். தனியே அனுப்பாதீர்கள். கூடப் போங்கள், அவருக்காகப் பேசுங்கள். சுகாதார இலாகா 2022 முதல் 15555 என்ற எண்ணில் மனநலத் தொலைபேசி வைத்திருக்கிறது. சாக முயன்றவன் மீது வழக்குப் போடும் பழைய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இதை லயம் லயமாகச் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்து மறைத்தே எத்தனையோ உயிர்கள் போயின.

உதவப் போகும் நமது தொண்டர்களும் இரும்பால் ஆனவர்கள் அல்லர். பிணம் தூக்கியவன் அன்றிரவு தனியே படுக்கக் கூடாது. இரண்டு நாள் வேலை செய்தால் ஒரு நாள் ஓய்வு என்று கிளைகள் முறை வகுத்துக்கொள்ளட்டும்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்து மேசையில் நாம் சொன்ன தாள் அச்சிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்துக்கு ஐம்பது வீதம் கிராணிமார் எடுத்துக்கொள்ளலாம். வரும் மழைக்காலத்துக்கு முன் நிரப்பி ஒரு பிரதியைக் கிளைக் காரியதரிசியிடம் கொடுங்கள். ஆற்றோரத்திலும் மேட்டடியிலும் இருக்கும் லயங்களின் பெயரைத் தனியே குறித்துக் கொடுங்கள். தோட்டத்துக்கு இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், மனத்துக்கான முதலுதவி கற்றுக்கொள்ள முன்வர வேண்டும். வங்காள மொழியோ நேப்பாளி மொழியோ தெரிந்தவர் உங்கள் தோட்டத்தில் இருந்தால், அவர் எந்த நாட்டவராயினும், அவர் பெயரையும் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.